கடிக்கக் கற்போருக்கு: சொல் எங்கே உடையும், எங்கே உடையாது

சிரிப்பு வராத சிரிப்புத் துணுக்குக்குத் தமிழில் எத்தனை பெயர்! கடி, அறுவை, பிளேடு, ரம்பம். எல்லாமே கேட்பவர் உடம்பில் ஏதோ ஒரு பாகத்தைச் சேதப்படுத்துகிற சமாச்சாரங்கள். மொக்கை மட்டும் கொஞ்சம் வேறு. மழுங்கிப்போன கத்தியைத்தான் மொக்கைக் கத்தி என்பார்கள்; அறுக்கும், ஆனால் அறுபடாது. இலங்கைத் தமிழர் பேச்சில் எந்தச் சிரிப்புத் துணுக்குக்கும் பகிடி என்று பெயர். அங்கே பல்கலைக்கழகங்களில் புதிய மாணவர்களைப் பிடித்துப் படுத்துவதைப் பகிடிவதை என்கிறார்கள். பகிடி எங்கே வதையாக மாறுகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் சிலர் வாயைத் திறந்தால் கடி கொட்டுகிறது. அது பிறவிக் குணம் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் இலக்கண வேலை. ஒரு சொல்லை எங்கே உடைக்கலாம், உடைத்தால் ஒலி மாறுமா, இரண்டாவது பொருளைத் திறக்கிற சாவி வாக்கியத்தில் எங்கே கிடக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் சரளமாகக் கடிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதி படித்தபோது இது எதற்கு உதவும் என்று கேட்டவர்களுக்கு, இதோ.

படி 1: அடியில் தொடங்குங்கள்

முதல் நாளே சிலேடைக்குப் போகாதீர்கள். மிகச் சுலபமான வகை, சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வது. தமிழில் சில வினைச்சொற்கள் எந்தப் பெயரோடும் ஒட்டிக்கொள்ளும். அவற்றில் ராஜா ‘அடி’. போன் அடிக்கும், வெயில் அடிக்கும், பெயிண்ட் அடிப்பார்கள், மொட்டை அடிப்பார்கள், காப்பி அடிப்பார்கள், ஹாரன் அடிப்பார்கள், கண் அடிப்பார்கள், அரட்டை அடிப்பார்கள். இதில் எதிலுமே யாருக்கும் அடி விழுவதில்லை. எனவே எவராவது “போன் அடிக்குது” என்றால், “திருப்பி அடி” என்பது உங்கள் பதில். “பஸ் பிடிக்கணும்” என்றால், “கனமா இருக்குமே.” “தலை சுத்துது” என்றால், “எந்தப் பக்கம்?” “மணி என்ன ஆச்சு?” என்றால், “மணிக்கு ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் இருக்கான்.”

இந்த வரிசையில் போடு, விடு, எடு, பிடி, கட்டு, ஏறு, வாங்கு ஆகியவையும் சேரும். ‘போடு’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: சட்டை, சண்டை, காபி, கோலம், ஓட்டு, கையெழுத்து, பூட்டு, சத்தம், முட்டை. பட்டியல் கையில் இருந்தால் இரண்டு பெயர்களை ஒரே வினையில் கட்டிப்போடலாம். “காலையில் காபி போட்டாள், மதியம் சண்டை போட்டாள், சாயங்காலம் பூட்டுப் போட்டாள்.” இன்னும் சுருக்கமாக: “கோழிக்குப் போட்டியாக வாத்தியாரும் என் பேப்பரில் முட்டை போட்டார்.”

ஒரு வாரம் இந்த ஒரு வகையை மட்டும் பழகுங்கள். எதுவும் யோசித்து வைக்க வேண்டியதில்லை, எதிராளி பேசுகிற பேச்சே கச்சாப்பொருள். காது மட்டும் திறந்திருந்தால் போதும்.

படி 2: இரட்டை முகச் சொற்கள்

அடுத்தது, ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று பொருள். மாலை, ஆறு, நூல், படி, தாள், மதி, பால், திங்கள், கொடி, வரி, அறை, ஓடு, நகை, பொறி, அணி, ஏலம், தை, அவரை. இப்படி 20 சொற்களைத் திரட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள்களை எழுதி, அந்தப் பொருள்களில் இன்றும் வாயில் புழங்குவது எது என்று குறியுங்கள். ‘வேலை’ என்றால் கடல் என்றும் பொருள் உண்டுதான். ஆனால் “வேலையில் மூழ்கிவிட்டேன்” என்று நீங்கள் சொன்னால் புலவர் பட்டம் பெற்றவர் மட்டுமே முறுவலிப்பார். பாதிப் பேருக்குத் தெரியாத பொருளில் கடி கட்டக் கூடாது.

புதியவர்கள் செய்கிற பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. “மாலை வாங்க மாலையில் போனேன்” என்று எழுதிவிட்டு, சிரிப்பு வரவில்லையே என்று காத்திருப்பார்கள். அது கடி அல்ல. ஐந்தாம் வகுப்பில் ‘ஒரே சொல்லை இரு பொருளில் வாக்கியத்தில் அமைத்து எழுதுக’ என்ற கேள்விக்கான விடை. சொல் இரண்டு முறை வந்தால் வாசகனுக்கு வழுக்கி விழ இடமில்லை. ஒரே முறைதான் வர வேண்டும், அந்த ஒரு முறையிலேயே இரண்டு பொருளும் நிற்க வேண்டும்.

“ஒரு மாலை வேணும்.”
“இப்பத்தான் பத்து மணி ஆகுது, பொறுங்க.”

இந்த வகையில் பார்த்துப் பழக ஒரு நல்ல மாதிரி: “வக்கீல் வீட்டில் ரெண்டு நாளாய் அடுப்பு எரியவில்லை. கேஸ் இல்லை.” சிலிண்டர் தீர்ந்தது என்று படித்தாலும் வாக்கியம் முழுசாக நிற்கிறது, வழக்கு வரவில்லை, வருமானம் இல்லை என்று படித்தாலும் முழுசாக நிற்கிறது. ஒரு பொருளில் நின்று, மறு பொருளில் நொண்டினால் அதை இன்னும் கொஞ்சம் தட்டிச் சரிசெய்ய வேண்டும்.

படி 3: கண்ணா, காதா?

இதை முடிவு செய்யாமல் போட்டதால் செத்த கடிகளே அதிகம். காதுக்கடி என்றதும் 1997இல் குத்துச்சண்டை மேடையில் மைக் டைசன், ஹோலிஃபீல்டுக்குச் செய்ததை நினைக்க வேண்டாம். சொல்லிக் கேட்டால் மட்டும் வேலை செய்வது காதுக்கடி. எழுதிப் படித்தால் மட்டும் வேலை செய்வது கண்கடி. இரண்டிலும் வேலை செய்வது முதல்தரம்.

தமிழ் எழுத்தில் க என்பது ஒன்றுதான். அதை அழுத்தியும் சொல்கிறோம், மெலிதாகவும் சொல்கிறோம். ச, ட, த, ப எல்லாம் அப்படியே. ஆகவே நாம் சொல்லும் கதையும் பீமன் தூக்கும் கதையும் எழுத்தில் ஒன்று, வாயில் வேறு. “பீமன் கையில் எப்போதும் கதை இருக்கும், கேட்கத்தான் ஆள் இல்லை” என்பதைத் தட்டச்சு செய்யலாம். டீக்கடையில் சொன்னால் முதல் எழுத்திலேயே எந்தக் கதை என்று குட்டு உடைந்துவிடும். பரிதாபத்துக்கும் பாட்டியம்மா பயப்படும் புண்ணியத்தின் எதிரிக்கும் நடனத்தில் முகம் காட்டுவதற்கும் ‘பாவம்’ என்ற ஒரே எழுத்துக்கோவை. இதில் கடைசியது ஒலியில் விலகும். “அந்த நடிகர் முகத்தில் ஒரே பாவம்” என்று எழுதினால் பாராட்டா திட்டா என்று தெரியாது. சொன்னால் தெரிந்துவிடும்.

இதற்கு நேரெதிர், ஒலி ஒன்றாகி எழுத்து வேறாக இருப்பவை. பனி, பணி. கறி, கரி. மனம், மணம். அறம், அரம். ல, ள, ழ மூன்றையும் கவனமில்லாமல் சொல்பவர்கள் நடுவே பல்லியும் பள்ளியும் ஒன்று. “பையன் பள்ளிக்குப் போகவே பயப்படுறான்.” “சுவத்துல இருக்கிறது பாட்டுக்கு இருக்கப்போவுது, என்ன பயம்?” பேச்சில் இது ஓடும். எழுதினால் எழுத்துப் பிழை மாதிரி இருக்கும். எழுத்தில் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு: பிழையை நீங்கள் செய்யாதீர்கள், எதிராளி செய்யும் வரை காத்திருங்கள். ஒருவர் அவசரத்தில் “பல்லிக்குக் கிளம்புகிறேன்” என்று தட்டினால், “வால் பத்திரம்” என்று ஒரு வரி. அவர் தமிழை இப்போதுதான் கற்கிறவராக இருந்தால் அந்த ஒரு வரியும் வேண்டாம்.

ஊருக்கு ஊர் கணக்கு மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். கன்னியாகுமரி பக்கம் ரகர றகரத்தைப் பிரித்துச் சொல்கிறவர்கள் உண்டு. கறியும் கரியும் அங்கே எடுபடுவது சந்தேகம். மதுரைக்குத் தெற்கே ழகரம் ளகரமாகும். பழைய சென்னைப் பேச்சில் அது யகரமாகி, பழம் ‘பயம்’ ஆகிவிடும். அதனால் அங்கே மட்டும் வேலை செய்கிற ஒரு கடி:

“இன்னா, பயமா கீதா?”
“இருந்தா ரெண்டு குடு, பசிக்குது.”

யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்றால் வெறுமனே பேசுவது. தமிழ்நாட்டில் கதை விடுவது என்றால் புளுகுவது. ‘கதை’யில் கடி கட்டி இரு தரப்பும் இருக்கிற குழுவில் போட்டால் ஒரு பாதி சிரிக்கும், மறு பாதி என்ன சிரிப்பு என்று கேட்கும்.

கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இப்போது வந்திருக்கிறது: ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவது. அதில் குறில் நெடில் வேறுபாடு பலருக்கு விழுவதே இல்லை. பல்லும் பாலும் ஒன்று, படமும் பாடமும் ஒன்று. “நாளைக்குப் பாடம் இருக்கா?” என்று ஒரு மாணவன் அப்படித் தட்டினால், “எந்தத் தியேட்டர்?” என்று கேட்கலாம். தமிழ் எழுத்திலும் பேச்சிலும் பிறக்கவே முடியாத கடி இது.

கைபேசி கீபோர்டில் ஒரு தொல்லை. வேண்டுமென்றே ஒரு எழுத்தை மாற்றித் தட்டினால் அது தானாகத் திருத்திவிடும். கடி போய் உபதேசம் மிஞ்சும். அனுப்பும் முன் ஒரு முறை பாருங்கள். மாற்றிய சொல்லை ஒற்றை மேற்கோளுக்குள் போட்டால் அது பிழை அல்ல, வேண்டுமென்றே செய்தது என்று படிப்பவருக்கும் புரியும். குரலில் சொல்லித் தட்டச்சு செய்தால் காதுக்கடி பிழைக்காது: இரண்டு பொருளில் ஒன்றைக் கருவி தானே தேர்ந்தெடுத்துவிடும்.

படி 4: உடைத்தல்

அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சிலேடையை இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே பல பொருள் தருவது செம்மொழிச் சிலேடை, பிரித்தால் வேறு பொருள் தருவது பிரிமொழிச் சிலேடை. இரண்டாம் படியில் பார்த்தது முன்னது. இது பின்னது. அசல் கடிக்காரர்கள் குடியிருப்பது இங்கேதான்.

பள்ளி இலக்கணப் புத்தகத்தில் பொதுமொழி என்று ஒரு பகுதி உண்டு. தனியாக நின்றால் ஒரு பொருள், பிரிந்து நின்றால் வேறு பொருள். அங்கே தரும் உதாரணங்கள்: அந்தமான், அந்த மான். பலகை, பல கை. வைகை, வை கை. தாமரை என்பது தாவும் மரை, அதாவது தாவுகிற மான். அரசு அங்கீகாரம் பெற்ற கடிகள் என்றே இவற்றைச் சொல்லலாம்.

ஆனால் இவற்றில் எல்லாமே வாயில் ஒரே தரம் அல்ல. ‘அந்தமான்’ என்று சொல்லிப் பாருங்கள், பிறகு ‘அந்த மான்’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு வித்தியாசமும் இல்லை. இப்போது ‘பலகை’, ‘பல கை’. முன்னதில் க மெலிகிறது, பின்னதில் அழுந்துகிறது. கேட்பவர் பிரிவைக் கேட்டுவிடுகிறார், ஆச்சரியம் போய்விடுகிறது.

இதிலிருந்து கிடைக்கும் சோதனை எளிது. சொல்லை உடைக்கும் இடத்துக்கு அடுத்த எழுத்தைப் பாருங்கள். அது ம, ய, வ, ந போன்றதாகவோ உயிரெழுத்தாகவோ இருந்தால் காதுக்கும் கண்ணுக்கும் உடையும். க, த, ப ஆக இருந்தால் பெரும்பாலும் கண்ணுக்கு மட்டுமே. ச பாதிப் பாதி: பேச்சில் அது சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் மெலிதாகவே வருவதால் பல இடத்தில் தப்பிக்கும். விதிவிலக்கு ஒன்று: இடையில் ஒற்று இரட்டித்திருந்தால், க்க, த்த, ப்ப என்று வந்தால், ஒலி அழுத்தமாகவே இருக்கும். அப்போது வாயில் தப்பும், எழுத்தில் அந்த ஒற்று காட்டிக்கொடுக்கும்.

உயிரெழுத்தில் உடைவதற்கு அருமையான சாட்சி முள்ளங்கி. முள் + அங்கி. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்பது விதி. முள்ளால் செய்த அங்கியை இலக்கணப்படி சேர்த்து எழுதினாலும் முள்ளங்கிதான். “இன்னைக்கு முள்ளங்கி போட்டேன்.” “குத்தலையா?” சாம்பாரில் போட்டதும் உடம்பில் போட்டதும் ஒரே ‘போட்டேன்’தான் என்பதால் வினையும் உடன் ஒத்துழைக்கிறது. இப்படிப் பெயரும் வினையும் சேர்ந்து இரண்டு பக்கமும் பேசுவது அபூர்வம், கிடைத்தால் விடாதீர்கள்.

ஆங்கிலக் கடன் சொற்களும் நன்றாக உடையும். ஈமெயில்: “ஈ வந்தது, மயில் இன்னும் வரலை.” வங்கிக்காரர்கள் அனுப்பும் எண்: “ஓடிபி வந்துச்சா?” “ஓடிப் போச்சு.” புதிதாக ஒரு சொல் புழக்கத்துக்கு வந்த முதல் சில மாதங்கள்தான் இதற்கு நல்ல விளைச்சல். அப்புறம் ஊர் முழுக்க அறுத்துவிடுவார்கள். வைஃபையையும் மனைவியையும் சேர்த்து முடிச்சுப் போடுவது அப்படி அறுத்து முடித்த வயல். அங்கே இனிப் புல்கூட முளைக்காது.

திருப்பிப் படித்தாலும் மாறாத விகடகவி, தேரு வருதே, மோரு தாருமோ வகையறாவைச் சிலர் கடியோடு சேர்க்கிறார்கள். மாலைமாற்று என்ற அந்த வித்தை வேறு. அதற்குக் கைதட்டல் கிடைக்கும், முனகல் கிடைக்காது. கடிக்காரர் தேடுவது முனகலை.

படி 5: வால் பிடித்தல்

‘ஏற முடியாத பஸ் எது? கொலம்பஸ்.’ ‘படுக்க முடியாத பாய் எது? ரூபாய்.’ ‘தண்ணீர் தேங்காத அணை எது? தலையணை.’ இவற்றைத் தெரியாத தமிழர் கிடைப்பது கஷ்டம். இவற்றை மறுபடி போடாதீர்கள்; ஆனால் அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னச் சொல்லை எடுத்து, அதில் முடிகிற பெரிய சொல்லைத் தேடி, ‘எது?’ என்று கேட்பதுதான் செய்முறை.

தேடுவதற்கு அகராதியைவிட வினைமுற்றுகளே வசதி. தமிழில் வினைச்சொற்களின் வால் சில விகுதிகளில் முடிந்தாக வேண்டும், அந்த வால்களில் பல தாமே தனிச்சொல். நான் என்று பேசினால் பாதிச் சொற்கள் ‘தேன்’ என்று முடியும்: படித்தேன், கொடுத்தேன். “இனிக்காத தேன் எது?” “கடன் கொடுத்தேன்.” அவன் என்றால் வான்: வருவான், தருவான். “எட்டவே எட்டாத வான் எது?” “திருப்பித் தருவான்.” கடன் கொடுத்தவருக்கு இரண்டும் நன்றாகப் புரியும். நீ என்றால் வாய்: பாடுவாய், வருவாய்.

வருவாய் தனிப் பொக்கிஷம். “நீ வருவாய் என்று இருந்தேன், செலவாய் வந்து நிற்கிறாய்.” ஆனால் இதற்கு இரண்டு கட்டுப்பாடு. பேச்சில் யாரும் வருவாய் என்று சொல்வதில்லை, ‘வருவே’ என்றுதான் சொல்கிறோம். எனவே இது எழுத்துத் தமிழ்க் கடி. அடுத்தது மரியாதை. பெரியவர் ஒருவரிடம் ‘வருவீர்கள்’ என்று மாற்றினால் வாயே போய்விடும். நீ என்று அழைக்கும் உரிமை உள்ள இடத்தில் மட்டும் ஓடும். மரியாதை வடிவத்தில் தேடினால் வேறு புதையல் இருக்கிறது: “அவர் ரொம்ப நல்லவர். திருடவும் மாட்டார், திருடினாலும் மாட்டார்.” இங்கே சொல் இரண்டு முறை வந்திருக்கிறதே என்று கேட்கலாம். முதல் ‘மாட்டார்’ கேட்பவரைத் தூங்க வைக்கிறது, இரண்டாவது எழுப்புகிறது. இரண்டாம் படியில் சொன்ன விதியை இப்படி மீறலாம். மாலை வாங்க மாலையில் போவது மாதிரி மீறக் கூடாது.

படி 6: சாவியைக் கடைசியில் வையுங்கள்

இரண்டாவது பொருளைத் திறக்கிற சொல்லைச் சாவி என்று வைத்துக்கொள்வோம். அது இரட்டை முகச் சொல்லாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. “தையல்காரர் வீட்டில் எத்தனை நூல் இருந்தாலும் யாரும் படிப்பதில்லை.” இதில் இரட்டைச் சொல் நூல், சாவி ‘படிப்பதில்லை’. சாவிக்குப் பிறகு ஒரு சொல்கூட வரக் கூடாது. “யாரும் படிப்பதில்லை, தையல்காரர் வீட்டில் எத்தனை நூல் இருந்தாலும்” என்று புரட்டினால் நூல் வந்து சேர்வதற்குள் விஷயம் ஆறிப்போயிருக்கும்.

தமிழ் வாக்கியம் வினையில் முடிகிறது. ஆகவே சாவி வினையாக இருந்தால் அது தானாகவே கடைசியில் விழும், உங்களுக்கு வேலை மிச்சம். சாவி பெயர்ச்சொல்லாக இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு ‘இருக்கிறது’, ‘என்பதுதான்’ வந்து ஒட்டிக்கொள்ளும். அதை வெட்டத்தான் கேள்வி பதில் அச்சு. பதிலில் பெயர் தனியாக நிற்கும். குழந்தைகள் கடி எல்லாம் ‘எது?’ என்று முடிவதற்குக் காரணம் இதுதான்.

நீளம்: பேச்சில் ஒரு மூச்சு. எழுத்தில் இரண்டு வரி. மூன்றாவது வரி தேவைப்பட்டால் பீடிகையில் எதையோ விளக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். போட்ட பிறகு “புரிஞ்சுதா? அதாவது கேஸ்னா…” என்று ஆரம்பிக்காதீர்கள். புரியாவிட்டால் அது விழுந்துவிட்டது, எழுந்து நடங்கள்.

படி 7: எப்போது, யாரிடம்

கடிக்கு ஆயுள் குறைவு. நேர்ப்பேச்சில் அந்தச் சொல் காற்றில் இருக்கும்போதே போட வேண்டும். எழுத்துக் குழுவில் அதற்குப் பின் இரண்டு மூன்று செய்தி வந்துவிட்டால் விட்டுவிடுவது நல்லது. அந்தச் செய்தியைச் சுட்டிப் பதில் போடும் வசதி இருந்தால் சற்று நீட்டிக்கலாம். நேற்றைய செய்தியைத் தோண்டி எடுக்கக் கூடாது.

ஒரு பேச்சுக்கு ஒரு கடி. இரண்டாவதை வேறு யாராவது தொடர்ந்தால் போடலாம். நீங்களே மூன்றைத் தொடர்ச்சியாகப் போட்டால், பேசிக்கொண்டிருந்த விஷயத்தை விட்டு எல்லோரும் உங்களைச் சமாளிக்கும் வேலையில் இறங்கியிருப்பார்கள்.

சாவு, நோய், ரத்தம் கேட்டு வரும் செய்தி, வேலை போனது, தேர்வு முடிவு, பணத் தகராறு. இவற்றின் நடுவே எவ்வளவு அருமையான சொல் கண்ணில் பட்டாலும் விழுங்கிவிடுங்கள். குறிப்பாக ரத்தம், அவசர எண் போன்ற செய்திகளில் கடி விழுந்தால், தேவையானவர் கண்ணில் படும் முன் செய்தி மேலே ஓடிவிடும். நட்டம் வெறும் சங்கடத்தோடு நிற்காது.

ஆள் பெயரில் கடிக்க வேண்டாம். அந்தப் பெயரில் என்னென்ன உடைக்கலாமோ அதையெல்லாம் அவர் பள்ளிக்கூடத்திலேயே கேட்டு முடித்திருப்பார். புதிதாகச் சொன்னோம் என்று நினைப்பது நீங்கள் மட்டும்தான். நிறம், உடம்பு, சாதி, திக்குவாய், ஊர்ப் பேச்சைக் கேலி செய்வது, எல்லாம் தள்ளி. மேலே சொன்ன ‘பயம்’ கடிகூட, சென்னைக்காரர் தானே போட்டுக்கொண்டால் கடி, வெளியூர்க்காரர் அவர் பேச்சை நடித்துக் காட்டினால் வதை. கடியின் அடி சொல்லின் மேல் விழட்டும், ஆள் மேல் வேண்டாம். கடிபட்ட சொல் திரும்பி வந்து சண்டை போடாது.

விளைவை எப்படி அளப்பது? வாய்விட்டுச் சிரித்தால் நீங்கள் போட்டது ஜோக், கடி அல்ல. “முடியல”, “ஏன்யா”, “யாராவது இவனைக் கூட்டிட்டுப் போங்க” என்று வந்தால் முழு மதிப்பெண். கட்டைவிரல் மட்டும் வந்தால் மரியாதைக்கு வந்தது. ஒன்றுமே வராமல் அடுத்த ஆள் வேறு பேச்சைத் தொடங்கினால், அதே கடியை வேறு சொல்லில் மறுபடி போட்டுப் பார்க்கிற ஆசை வரும். அடக்குங்கள்.

படி 8: சங்கிலி

கடி தனியாக விளையாடுவதைவிடச் சேர்ந்து விளையாடுவதற்கு ஏற்றது. ஒருவர் போட்டதும் மற்றவர் அதே துறையில் இன்னொன்றைக் கோப்பது சங்கிலி. விதி மூன்றுதான்: துறை மாறக் கூடாது, சொன்ன சொல் திரும்ப வரக் கூடாது, முந்தையவரை வெட்டாமல் அவர் விட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டும். துறை சின்னதாக இருந்தால்தான் சுவை. ‘சாப்பாடு’ என்றால் கடல், ‘காய்கறி’ என்றால் குளம். நீந்தத் தோதானது குளம். மீன், மாதங்கள், ஊர்ப் பெயர்கள், துணி வகை எல்லாம் நல்ல குளங்கள்.

“சந்தைக்குப் போறேன், என்ன வாங்கட்டும்?”
“அவரை வாங்கு.”
“அவரைக் கேக்காம எப்படி வாங்கறது?”
“சரி, அரைக்கீரை?”
“வாங்கறதே வாங்கறோம், முழுசா வாங்கு.”
“கொத்தவரங்காய்?”
“பார்த்து எடு, கொத்த வரும்.”
“முள்ளங்கி எடுத்துக்கவா?”
“எடுத்துக்கோ, ஆனா கடையிலேயே போட்டுப் பார்க்காதே.”

அவரை, கொத்தவரை இரண்டும் பேச்சிலும் எழுத்திலும் நிற்கின்றன. அரைக்கீரையில் உடைக்கும் இடத்துக்கு அடுத்தது க. ஆனால் ஒற்று இரட்டித்திருப்பதால் வாயில் தப்பிக்கிறது. சங்கிலி ஆறேழு கண்ணிக்கு மேல் போனால் தரம் இறங்கும். ஒருவர் பழைய சொல்லை மறுபடி சொன்னாலோ, இடையில் யாராவது நிஜமாகவே பதில் வேண்டிக் கேட்டாலோ நிறுத்திவிட வேண்டும். மேலே சந்தைக்குப் போகிறவர் இன்னும் பையோடு வாசலில்தான் நிற்கிறார். “அட, விளையாடாம சொல்லுங்க” என்று அவர் கேட்டால், புடலங்காய் என்று சொல்லி அனுப்புங்கள். அதில் உடைக்க இடமில்லை.